சீமைச்சக்கை மரம்: பன்னிரண்டு வருஷம் வளர்த்த பிறகு எழுதுகிறேன்

வீட்டில் சீமைச்சக்கை வைக்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இடம் இருந்தால் இந்த மழைக்கே வையுங்கள், ஆனால் வீட்டுச் சுவரிலிருந்து முப்பது அடியாவது தள்ளி வையுங்கள். நான் பதினைந்து அடியில் வைத்தேன். அதற்கான பாடு இன்றைக்கும் ஓடு மேல் கிடக்கிறது.

கறிப்பலா, ஈரப்பலா என்றெல்லாம் சொல்வது இந்த மரத்தைத்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, கருங்கல் பக்கம் எங்களுக்குச் சீமைச்சக்கை, மலையாளத்தில் கடச்சக்க. பேரிலேயே வெளியிலிருந்து வந்தது தெரியும். நியூகினியும் பசிபிக் தீவுகளும்தான் இதன் சொந்த மண். ஆனால் வருஷத்துக்கு இரண்டு மழை, சூடு, ஈரக்காற்று, பனி கிடையாது என்கிற நம்ம ஊர் கணக்கு அதற்கு அப்படியே பொருந்துகிறது. எங்கள் எட்டு சென்ட் செம்மண்ணில் அது ஒருநாளும் அந்நியமாக நின்றதில்லை.

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2011-ல் ஒரு நர்சரியில் சீமைச்சக்கை என்று சொல்லி ஒரு கன்று கொடுத்தார்கள். இலை வெட்டு வெட்டாக இருந்தது, நம்பி வாங்கி நட்டேன். ஒன்றரை வருஷம் தண்ணீர் ஊற்றின பிறகுதான் பெரியவர்கள் பார்த்துவிட்டு அது அயனி, பலா இனத்திலேயே வேறொரு மரம் என்றார்கள். சின்ன வயதில் அயனி இலையும் அப்படித்தான் வெட்டுப்பட்டு இருக்கும், பெரிதானால் வெட்டு இல்லாத முழு இலையாகிவிடும். அதனால் கன்று வாங்கும்போது இலையைத் தடவிப் பாருங்கள். அயனி சொரசொரவென்று ரோமமாக இருக்கும், சீமைச்சக்கை மேல்பக்கம் பளபளப்பாக இருக்கும். அடியில் மண்ணை லேசாக விலக்கியும் பார்க்கலாம், படுக்கையாக ஒரு வேர்த்துண்டு இருந்து அதிலிருந்து தண்டு எழும்பியிருந்தால் நம்பலாம். நாம் சமைக்கிற இனத்துக்கு விதை கிடையாது, வேரில் கிளம்பும் கன்றுதான் அதன் வாரிசு.

அப்புறம் 2013 ஆனி மழையில் கருங்கலில் இருக்கும் மாமி வீட்டு மரத்திலிருந்து கன்று எடுத்தோம். மாமி என்னைத் தோண்டவே விடவில்லை. “மக்களே, அவசரப்பட்டுப் பிடுங்காதே, வேரை ரெண்டு பக்கமும் அறுத்து விடு, ஒரு மாசம் அங்கேயே கிடக்கட்டும், தனியாப் பிழைக்கப் பழகட்டும்” என்றார்கள். அப்படியே விட்டோம். பிறகு பெயர்த்தபோது ஒரு இலைகூட வாடவில்லை.

இந்தப் பொறுமை பெரிய விஷயம். பிரிட்டிஷ் மாலுமி பிளை இந்தக் கன்றுகளை எடுப்பதற்காகவே தாஹிட்டி தீவில் ஐந்து மாதம் கப்பலை நிறுத்திக் காத்திருந்தார். ஆயிரத்துக்கு மேல் கன்று ஏற்றிக்கொண்டு புறப்பட்டும், 1789 ஏப்ரலில் பவுண்டி கப்பலில் கலகம் வெடித்து, கலகக்காரர்கள் கன்றுகளைக் கடலில் எறிந்துவிட்டார்கள். அவர் மறுபடி போய் 1793-ல்தான் வெஸ்ட் இண்டீஸ் தீவுகளில் சேர்த்தார். அதற்கு எவ்வளவோ காலம் முன்பே பசிபிக் தீவுக்காரர்கள் இதே வேர்க்கன்றுகளைப் படகில் வைத்துத் தீவு தீவாகக் கொண்டு போயிருக்கிறார்கள்.

முதல் இரண்டு கோடைதான் கஷ்டம். தென்னை ஓலை வைத்து நிழல் கட்டினேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், மூட்டில் சாணியும் சருகும். தண்ணீர் நிற்கிற இடம் மட்டும் ஆகவே ஆகாது. மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு நான் எதுவும் செய்யவில்லை என்றே சொல்லலாம்.

2018 தொடக்கத்தில் இலைக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் விரல் மாதிரி ஒன்று நீண்டு வந்தது. பிறகு அது பழுப்பாகி விழுந்தது, நாலைந்து நாளில் இன்னும் பத்துப் பதினைந்து விழுந்தன. பிஞ்சு கொட்டுகிறதே என்று மருந்து தேடிப் போனேன். அது பிஞ்சே இல்லை, ஆண் பூ. விழத்தான் செய்யும். காயாகிற பெண் பூ உருண்டையாக, பச்சையாகத் தனியே வரும். முதல்முறை வளர்க்கிறவர்கள் இதற்குப் பயந்து காசைச் செலவழிக்க வேண்டாம். ஆண் பூவைக் காயவைத்துக் கொளுத்தினால் புகைக்குக் கொசு விலகுகிறது, நாங்கள் சாயங்காலம் மாட்டுத் தொழுத்தில் கொளுத்துகிறோம்.

பறிக்கும் பக்குவம் பழகக் கொஞ்சம் நாளானது. தோலில் கூராக இருக்கும் முள் படிந்து தட்டையாகி, பச்சை வெளிறி, அங்கங்கே பால் கசிந்து பழுப்புப் புள்ளியாக உறைந்திருந்தால் காய் விளைந்தது. தொரட்டியில் வலை கட்டிப் பறியுங்கள். தரையில் விழுந்த காய் வெளியே நன்றாகத்தான் தெரியும், மறுநாள் அடிபட்ட பக்கம் கொழகொழவென்று ஆகிவிடும். பறித்ததும் காம்பு கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும், கத்தியில் தேங்காய் எண்ணெய் தடவாமல் அறுக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும் என்பதால் ஒரே நேரத்தில் நிறையப் பறிக்க முடியாது. சருவத்தில் தண்ணீர் நிரப்பிக் காயை முக்கி வைத்தால் கூடுதலாகச் சில நாள் தாங்குகிறது.

எங்கள் வீட்டில் தீயல், துவரன், தேங்காய் வறுத்தரைத்த மசாலாக் கறி, எண்ணெயில் பொரித்த சிப்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் தீவுக்காரர்கள் செய்வதுபோல முழுக்காயைச் சிரட்டைக் கனலில் போட்டுச் சுட்டு ஒருமுறையாவது சாப்பிடுங்கள். தோல் முழுக்கக் கரிந்து வெடிக்கும். பிளந்தால் உள்ளே வெள்ளையாக, ஆவி பறக்க, ரொட்டியும் மரச்சீனிக் கிழங்கும் கலந்த மாதிரி ஒரு மணம். அதோடு சாளை மீன் கறி இருந்தால் எங்கள் வீட்டில் யாரும் சோறு கேட்பதில்லை.

குறை என்றால் இலைதான். ஒவ்வொன்றும் முறம் அளவு. காய்ந்தால் தோல் மாதிரி விறைத்து ராத்திரி ஓட்டில் பொத்தென்று விழும், மழைக்கு முன் ஓட்டோரக் குழாயைச் சுத்தம் செய்யாவிட்டால் தண்ணீர் அடுக்களைக்குள் வரும். மழைக்காலத்தில் சில காய் மரத்திலேயே அழுகும், அதை அப்போதே எடுத்துப் புதைத்துவிட வேண்டும். கிளையும் அவ்வளவு பலமில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் எங்கள் மரத்தில் இரண்டு பெரிய கிளை முறிந்தது.

மாமி வீட்டு மரம் அன்றைக்கு வேரோடு சாய்ந்துவிட்டது. ரப்பரும் வாழையும் போன வருத்தத்தைவிட மாமிக்கு அந்த மரம் போனதுதான் பெரிதாக இருந்தது. எங்கள் மரத்தில் கிளம்பிய ஒரு கன்றை, மாமி சொல்லித் தந்த மாதிரியே வேரை அறுத்துவிட்டு, ஒரு மாசம் காத்திருந்து, அடுத்த ஆனியில் கொண்டு போனேன். மாமி என்னை நேராக விளைக்கு, அதாவது தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். மரம் சாய்ந்த குழியின் ஓரத்தில், அறுந்து கிடந்த வேர்களிலிருந்து மூன்று தளிர் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

நான் கொண்டு போன கன்றை அடுத்த வீட்டில் நட்டோம். போன வருஷம் அதுவும் காய்த்தது.