கைவினைச் சந்தைல வாங்கினதும் வாங்காம வந்ததும்: ரெண்டு மாசம் கழிச்சு எழுதற ரிவ்யூ

ரெண்டு நாள் நடந்த சந்தை, ரெண்டு நாளும் போனேன். முதல் நாள் சுத்திப் பார்க்க, ரெண்டாவது நாள் வாங்க. வாங்கின கையோட எழுதியிருக்கலாம்தான், ஆனா கையால செஞ்ச பொருளோட குணம் வீட்டுக்கு வந்து நாலு தடவ கழுவி எடுத்ததுக்கு அப்புறம்தான் தெரியும், அதனாலதான் இவ்ளோ லேட்டு.

முதல்ல மண்பாண்ட ஸ்டால். போன வருஷம் வேற ஒரு சந்தைல ஒரு மக் வாங்கினேன், பார்க்க அவ்ளோ அழகு, மூணாவது நாள் பார்த்தா மேஜைல வட்டமா ஈரம். துடைக்கத் துடைக்க தினமும் ஈரம். அப்புறம் தேடிப் படிச்சப்பதான் புரிஞ்சுது, குறைஞ்ச சூட்டுல சுட்ட மண்ணு தண்ணியக் குடிக்கும், மேல பூசின கிளேஸ்ல (கண்ணாடி மாதிரி பளபளக்கற பூச்சு) மெல்லிசா விரிசல் இருந்தா தண்ணி உள்ள இறங்கி பூச்சு இல்லாத அடிப்பக்கம் வழியா கசியும். வித்தவங்க அதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அந்த வருத்தம் மனசுல இருந்ததால இந்த தடவ ஸ்டால்ல இருந்த அக்காகிட்ட எடுத்த எடுப்புலயே "அடில கசியுமாக்கா?"ன்னுதான் கேட்டேன். அவங்க கோவிச்சுக்கல. மக்கக் கவுத்து, அடி வளையத்துல பூச்சு இல்லாத இடத்துல விரலால ஒரு சொட்டு தண்ணி வெச்சாங்க. சொட்டு முத்து மாதிரி அப்படியே நின்னுச்சு. அப்புறம் பக்கத்துல இருந்த சிவப்பு ஜாடியக் கவுத்து அதுலயும் ஒரு சொட்டு வெச்சாங்க, நான் பார்த்துட்டு இருக்கும்போதே உள்ள போயிடுச்சு, கருப்பா ஒரு புள்ளி மட்டும் மிச்சம். "இது செடிக்குத்தான்மா, இதுல குடிக்காதீங்க"ன்னாங்க. மக் 1200 டிகிரிக்கு மேல சுட்டதாம், ஜாடி 1000 பக்கம்தான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு விக்கறவங்க எது எதுக்குன்னு தானா வந்து சொல்றது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

ஒரே அளவுல ரெண்டு மக் வேணும்னு கேட்டேன். ஆறு மக்க எடுத்து வரிசையா வெச்சாங்க, ஒண்ணு கூட இன்னொண்ணு உயரம் இல்ல. ஈர மண்ணு காஞ்சு சூளைல வெந்து வர்றதுக்குள்ள சுமார் 10லிருந்து 12 சதவீதம் வரைக்கும் சுருங்குமாம், அதனால சக்கரத்துல வனையும்போதே பெருசா வனையணும், அந்தக் கணக்கு மொத்தமும் கைக்குத்தான் தெரியும். கைப்பிடி மக்கோட சேர்ற இடத்துல ஒரு பெருவிரல் பதிஞ்ச பள்ளம் இருக்கு, எல்லா மக்லயும் அதே இடத்துல. நான் பிடிக்கும்போது என் விரலும் சரியா அங்கதான் போய் உக்காருது. ரெண்டு மாசமா தினமும் பயன்படுத்தறேன், மேஜை காஞ்சே இருக்கு.

அடுத்து தோல் பொருள் ஸ்டால். அங்க இருந்த அண்ணன்கிட்ட பர்ஸ் பார்த்தேன். மெஷின் தையலுக்கும் கைத்தையலுக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு கேட்டதுக்கு அவர் பேசவே இல்ல, தன் பாக்கெட்லேருந்து தன்னோட சொந்தப் பழைய பர்ஸ எடுத்து நீட்டினார். ஓரத்துல ஒரு தையல் அறுந்திருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி இருக்கறதும் பின்னாடி இருக்கறதும் இறுக்கமா அப்படியே நிக்குது. ஒரே நூல், அதோட ரெண்டு முனைலயும் ஊசி, ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு பக்கத்துலேருந்தும் கோத்து இழுக்கறாங்க, அதனால ஒண்ணு அறுந்தாலும் மத்தது உருவிக்கிட்டு வராது. மெஷின்ல மேல் நூலும் கீழ் நூலும் நடுவுல கொக்கி போட்டு நிக்கறதால ஒண்ணு அறுந்தா பக்கத்துத் தையலும் லூசாக ஆரம்பிச்சுடும். நிறைகுறைய நேர்மையா சொல்லணும்னா, கார்டு வைக்கற பகுதி ஆரம்பத்துல ரொம்ப டைட்டு. ரெண்டு வாரத்துல இளகும்னார், எனக்கு ஒன்றரை மாசம் ஆச்சு. பட்டனும் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்குது. வெளிர் நிறத் துணில சாயம் லேசா ஒட்டும்னு முதல்லயே சொல்லியிருந்தார், ஒட்டிச்சு, ரெண்டு வாரத்துக்கு அப்புறம் நின்னுடுச்சு.

அவுரி சாயத் துணி ஸ்டால்ல வெள்ளைத் துணிய நனைச்சு என் கண்ணு முன்னாடியே தேய்ச்சுக் காட்டினாங்க, லேசா நீலம் வந்துச்சு, "முதல் நாலு சலவை தனியா போடுங்க"ன்னாங்க. தொட்டிலேருந்து எடுக்கும்போது துணி பச்சையாத்தான் இருக்கும், காத்து பட்டாத்தான் நீலமாகும்னு செல்போன்ல வீடியோவும் காட்டினாங்க. மரக்கரண்டி ஒண்ணு வாங்கினேன், காம்பு நீளத்துக்கு ரேகை ஓடுது, உறுதியா இருக்கு. மெழுகுவத்தி மட்டும் ஏமாத்தம், நடுவுல குழி விழுந்து சுத்தியும் மெழுகு அப்படியே நிக்குது. முதல் தடவ ஏத்தும்போது ஓரம் வரைக்கும் உருகற வரை அணைக்கக் கூடாதாம், அத ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்திருக்கலாம்.

இப்ப என்னை உறுத்தற விஷயத்துக்கு வர்றேன். வாசல்கிட்ட, நல்ல வெளிச்சத்துல, பெரிய ஸ்டால் ஒண்ணு, முழுக்க குரோஷே பொம்மை, அதாவது கொக்கி ஊசியால நூல் பின்னிச் செய்யறது. "100 சதவீதம் கைவேலை"ன்னு போர்டு. ஒரே முயல், ஒரே நிறம், ஒரே சைஸ், அடுக்கடுக்கா. விலையோ உள்ள மூலைல தனியா உக்காந்து பின்னிக்கிட்டு இருந்த ஒரு பாட்டியம்மா சொன்னதுல கால்வாசி. இத யார் பின்னினாங்கன்னு கேட்டேன், "ஸ்டாக் வரும் மேடம்"ன்னார் அங்க இருந்தவர். எந்த நூல், துவைக்கலாமா, கண்ணு பிடுங்கிக்கிட்டு வருமா, எதுக்கும் பதில் இல்ல. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே சரியா வரல, ஏன்னா அந்த போர்டு பொய் கிடையாது. பின்னல் ஊசில பண்ற நிட்டிங்குக்கு மெஷின் எப்பவோ வந்துடுச்சு, ஆனா நிஜ குரோஷேய மொத்தமா செஞ்சு தள்ற மெஷின் இன்னும் இல்ல. அப்ப அந்த முயல் ஒவ்வொண்ணையும் எங்கயோ ஒருத்தங்க கொக்கி ஊசியப் பிடிச்சு மணிக்கணக்கா உக்காந்து பின்னியிருக்காங்க. அவ்ளோ கம்மி விலைல நூல் செலவும், வண்டி வாடகையும், கடைக்காரர் லாபமும் போக அந்தக் கைக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும்? அத நான் வாங்கல. பாட்டியம்மாகிட்ட ஒரு சின்ன ஆமை வாங்கினேன். கண்ணு ரெண்டையும் பட்டன்ல வைக்காம நூல்லயே பின்னியிருந்தாங்க, குழந்த வாய்ல வெச்சா கழண்டு வரக் கூடாதுன்னு.

அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். செஞ்சவங்களே நேர்ல வந்து விக்கற ஸ்டால் எது, வாங்கி விக்கற ஸ்டால் எதுன்னு போர்டுலயே போடுங்க. வாடகைய முன்கூட்டியே கட்டிட்டு, மாசக்கணக்கா செஞ்ச சரக்கத் தூக்கிட்டு வர்றவங்கள ட்யூப் லைட் மினுங்கற மூலைல உக்கார வெக்காதீங்க. சாயத்துணியோட உண்மையான நிறம் தெரிய நான் அத வெளில எடுத்துட்டுப் போய்ப் பார்க்க வேண்டியிருந்துச்சு.

கடைசியா சோப்பு. ஸ்டால்ல ஒரு சின்னப் பொண்ணு, நான் எனக்குப் பிடிச்ச வாசனைய எடுத்து நீட்டினதும் "அது வேணாம்க்கா, ஊத்தி ரெண்டு வாரம்தான் ஆகுது"ன்னு வாங்கித் திரும்ப வெச்சுடுச்சு. எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சூடு காட்டாம கலந்து செய்யற சோப்பு அது, சோடா எண்ணெயோட சேர்ந்து சோப்பா மாறறது ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சுடும், ஆனா உள்ள இருக்கற தண்ணி வத்தி கட்டி இறுகறதுக்கு 4லிருந்து 6 வாரம் வேணும், இல்லன்னா தண்ணி பட்டதும் கொழகொழன்னு கரைஞ்சு போயிடும். நான் விடல, நானே வீட்ல காய வெச்சுக்கறேன்னு கெஞ்சினேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, காகிதத்துல சுத்தி, மேல பேனாவால தேதி எழுதி, "இந்தத் தேதிக்கு முன்னாடி பிரிக்க மாட்டேன்னு சொல்லுங்க, தர்றேன்"னுச்சு. சொன்னேன். அலமாரில காத்து படற இடத்துல அப்படியே வெச்சிருந்து, அந்தத் தேதி அன்னிக்குக் காலைலதான் பிரிச்சேன். கல்லு மாதிரி இறுகியிருந்துச்சு, மூணு வாரமா தினமும் தேய்க்கறேன், பாதி கூடக் கரையல.