என்விடிஏ ஸ்கிரீன் ரீடர்: மூணு வருஷம் யூஸ் பண்ணவன் சொல்றேன்

பிஏ படிக்கும்போது பார்வை சுத்தமா போயிடுச்சு, அதுக்கப்புறம் படிச்சதெல்லாம் என்விடிஏ புண்ணியத்துல தான். விண்டோஸ்ல ஓடற ஸ்கிரீன் ரீடர், அதாவது ஸ்கிரீன்ல இருக்கறத குரல்ல படிச்சு சொல்ற சாஃப்ட்வேர், காசே கிடையாது. 2006ல ஆஸ்திரேலியால மைக்கேல் கர்ரன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, அவருக்கும் பார்வை கிடையாது, யூஸ் பண்ணும்போதே அது தெரியும். வெப் பேஜ்ல ஹெச் (H) அமுக்குனா அடுத்த தலைப்பு, பி (B) அமுக்குனா அடுத்த பட்டன். பென்டிரைவ்ல போட்டே எடுத்துட்டு போகலாம், காலேஜ் லேப்ல இன்ஸ்டால் பண்ண பர்மிஷனுக்கு அலையாம நான் அப்படித்தான் ஓட்டுனேன்.

தமிழ் வாய்ஸ்னு பாத்தா கூடவே வர்ற ஈஸ்பீக் தகர டப்பாக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும். விண்டோஸ்ல வள்ளுவர்னு ஒரு குரல் இருக்கு, டவுன்லோட் பண்ணி மாத்திக்கலாம், கேக்க எவ்வளவோ தேவல. நான் கதை படிக்க வள்ளுவர், எக்ஸாம் நேரத்துல ஈஸ்பீக்க ஃபுல் ஸ்பீடுல விட்டுருவேன், தங்கச்சிக்கு கொசு கத்துற மாதிரி கேக்குமாம்.

அஞ்சுக்கு நாலரை. அரை கட் அந்த தகர டப்பாவுக்கு.

ஆனா இது என்ன தான் நல்லா படிச்சாலும் எதிர்ல இருக்கறதும் ஒழுங்கா இருக்கணுமே. பாமினின்னு ஒரு பழைய ஃபான்ட், உள்ள இங்கிலீஷ் எழுத்து, பாக்க மட்டும் தமிழ், அதுல டைப் பண்ண நோட்ஸ அனுப்புவாங்க, அதுல "தமிழ்"ங்கற வார்த்தைய எழுத்தெழுத்தா கேட்டா "ஜே கே பி ஓ செமிகோலன்"! நிஜ தமிழ் எழுத்தா இருக்கற யூனிகோடுக்கு மாத்துனா தான் ஆச்சு. ஸ்கேன் பண்ண பிடிஎஃப்னா அதுவும் இல்ல, வெறும் போட்டோ, கூகுள் டாக்ஸ்ல போட்டு எழுத்தா மாத்தணும்.

இதெல்லாம் கூட பரவால்ல, போன மாசம் காசு கட்டி சேர்ந்த ஒரு கோச்சிங் சைட் இருக்கே, பேர் வேணாம், வீடியோல சார் "இங்க பாருங்க, இதுல இருந்து இது வருதா, அப்போ இது"ன்னு போயிட்டே இருக்காரு, எதுல இருந்து எது சார்? டெஸ்ட்டு அதுக்கும் மேல. கேள்விய பாதி படிக்கறதுக்குள்ள டைமர் குறுக்க வந்து "ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு"ன்னு ஒவ்வொரு செகண்டும் கத்துது, கேள்வி காதுலயே விழல, சப்மிட் பட்டனுக்கு பேரே வைக்கல, "பட்டன், பட்டன், பட்டன்"னு தான் வருது, எது சப்மிட் எது ஸ்கிப்புனு குலுக்கல் போட்டு தான் அமுக்கணும்.

சப்போர்ட்டுக்கு இவ்வளவையும் விளக்கி மெயில் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, பிரச்சனை தெரியற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பணுமாம்.