வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்றித் தருகிறோம் என்று வந்தார்கள்: 45,350 ரூபாய் போனது

நேற்று இரவு எட்டு மணிக்கு வண்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வந்தேன். கோபம் இன்னும் தணியவில்லை, தணிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு நாள் ஆறப்போட்டால் "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். போனது 45,350 ரூபாய். பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருப்பவர்கள், தயவுசெய்து முழுவதையும் படியுங்கள்.

வண்டி அப்பாவுடையது. 2007 மாடல் ஆல்டோ, மூன்று சிலிண்டர், 796 சிசி. டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் கிரேடு, ஃபில்டர் விலை என்று ஒன்று விடாமல் அப்பா அதில் எழுதி வைத்திருக்கிறார். 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுவார். எப்போதும் ஒரே மெக்கானிக்தான். அவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. புது ஃபில்டரைப் பொருத்துவதற்கு முன்னால் அதன் தகரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் தேதியை எழுதிவிடுவார். அடுத்த முறை கழற்றும்போது அந்தத் தேதியை அப்பாவிடம் காட்டிவிட்டுத்தான் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அப்பா கையெழுத்தில் கடைசிப் பதிவு 12-8-23, 98,410 கி.மீ. அடுத்த ஜனவரியில் அப்பா இறந்துவிட்டார். மெக்கானிக்கும் ஷெட்டை மூடிவிட்டு திண்டிவனம் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார். வண்டியை நான் அதிகம் எடுக்கவில்லை. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, மார்க்கெட், கோயில், அவ்வளவுதான். ஓடியது 4,500 கிலோமீட்டர் சொச்சம், ஆனால் ஆயிலுக்கு இரண்டு வயதாகப் போகிறது. அதைத் தள்ளிப்போட்டது என் தவறு, மறைக்கவில்லை. இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நின்றுவிடும் சின்னச் சின்ன ஓட்டத்தில்தான் ஆயில் சீக்கிரம் கெடும், உள்ளே கசடு கட்டும். தெரிந்தும் விட்டுவிட்டேன்.

இந்த ஜூன் மாதம் கைப்பேசியில் ஒரு செயலி கண்ணில் பட்டது. பதிவு செய்தால் மெக்கானிக் வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்வார். பெண்கள் தனியாக ஒர்க்‌ஷாப் வாசலில் காத்திருக்க வேண்டாம் என்று விளம்பரம். ஜூன் 7, சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். சீருடை, கையுறை, தரையில் விரிக்க ஒரு நீலத் தார்ப்பாய். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவி வெள்ளைக் காகிதத்தில் துடைத்துக் காட்டினான். கன்னங்கரேல் என்று இருந்தது. "அக்கா, இப்படியே ஓட்டினால் இன்ஜின் போய்விடும். முதலில் ஃப்ளஷ் ஊற்றிக் கசடைக் கழுவிவிட்டு, ஃபில்டரை மாற்றி, முழு சிந்தெடிக் ஊற்றிவிடுகிறேன். 5டபிள்யூ-30. பிறகு 15,000 கிலோமீட்டருக்குக் கவலையே வேண்டாம்" என்றான்.

அப்பா எப்போதும் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-40 தானே ஊற்றுவார் என்று கேட்டு நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அவன் கையுறையைக் கழற்றிவிட்டு நோட்டை வாங்கினான். பக்கம் பக்கமாகப் புரட்டினான். "இப்படி எழுதி வைக்கிற மனிதரை நான் பார்த்ததே இல்லை அக்கா" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அப்பாவின் வண்டி சரியான கைக்குத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. காப்பி போட்டு வருகிறேன் தம்பி என்று உள்ளே போனேன். அவனும், "ஆமாம் அக்கா, வெயில் ஏறுகிறது, நீங்கள் உள்ளே இருங்கள்" என்றான்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. காலி கேன் அவன் பையில். பழைய ஃபில்டர் எங்கே என்று கேட்டேன். "கழிவு ஆயிலையும் ஃபில்டரையும் நாங்களே எடுத்துப் போய்விடுவோம் அக்கா, சாக்கடையில் ஊற்றக் கூடாதல்லவா" என்றான். அது உண்மைதான். கழிவு ஆயில் அபாயக் கழிவு, அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். பொறுப்பான ஆள் என்று மனதுக்குள் பாராட்டினேன். நான் கேட்காமலேயே அப்பாவின் நோட்டை எடுத்து, கடைசிப் பதிவுக்குக் கீழே அவன் கையாலேயே எழுதினான்: "7-6-25. 1,02,960 கி.மீ. ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மாற்றப்பட்டது." கண்ணாடியில் அடுத்த சர்வீஸ் 1,17,960 என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினான்.

பில் 4,650 ரூபாய். ஆயில் 2,550, ஆயில் ஃபில்டர் 240, ஏர் ஃபில்டர் 310, ஃப்ளஷ் 450, கூலி 1,100. கொடுத்தேன். ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன்.

ஜூன் 24 மாலை, பல்லாவரம் சிக்னல். ஜி.எஸ்.டி. சாலையில் அந்த நேரத்து நெரிசல் தெரியும்தானே. வண்டி நின்றிருக்கும்போது மீட்டரில் சிவப்பு எண்ணெய்க் கேன் விளக்கு மினுக்கியது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைந்தது, விட்டால் மறுபடி மினுக்கியது. வீட்டுக்கு வந்ததும் செயலியில் எழுதினேன். பதில்: "புதிய ஆயில் இன்ஜினோடு பழகச் சில நாட்கள் ஆகும் மேடம். கவலை வேண்டாம்." பழகுவதற்கு அது என்ன புதுச் செருப்பா? ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்த வேண்டும். இதை இப்போது சொல்கிறேன். அன்று நான் அவர்கள் சொன்னதை நம்பினேன்.

ஜூலை 11, கீழ்க்கட்டளை அருகே இன்ஜினுக்குள் இருந்து டக் டக் என்று இரும்பை இரும்பால் தட்டும் சத்தம். நிறுத்தினேன். அதன் பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்தில் அம்மா, மடியில் ஸ்கேன் ரிப்போர்ட். ஆட்டோ பிடித்து அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வண்டியை இழுத்துப் போக 1,800 ரூபாய் கொடுத்தேன்.

பல்லாவரத்தில் தெரிந்தவர் சொன்ன ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். மறுநாள் கூப்பிட்டு, "நீங்களே வந்து பாருங்கள் அம்மா" என்றார். போனேன். வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார். அழுக்குத் துணியால் ஃபில்டரை அழுத்தித் துடைத்து, டார்ச் அடித்துக் காட்டினார். கருப்பு மெழுகு போலப் படிந்திருந்த அழுக்குக்கு அடியில், மங்கிய வெள்ளைப் பெயின்ட்.

12-8-23.

அப்பாவின் மெக்கானிக் எழுதிய தேதி. அவர் ஏழுக்கும் எட்டுக்கும் போடும் சுழி எனக்குத் தெரியும். அந்த எட்டைப் பார்த்தபடி நின்றேன். ஃபில்டரை மாற்றவே இல்லை. 240 ரூபாய்ப் பொருள்! அதைக் கூட மாற்றாமல், அப்பாவின் நோட்டில், அப்பாவின் எழுத்துக்குக் கீழே, "மாற்றப்பட்டது" என்று எழுதியிருக்கிறான். பணம் போனதை விட இதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. பதினாறு வருடம் ஒரு பொய் ஏறாத நோட்டு அது.

மெக்கானிக் ஹேக்ஸா எடுத்து ஃபில்டரின் தகரத்தை அறுத்தார். உள்ளே இருக்கும் காகித மடிப்பைப் பிரித்துச் செய்தித்தாளில் விரித்தார். தார் போன்ற கசடு, அதற்கு நடுவே நெல் உமி அளவில் மினுங்கும் துகள்கள். "இது மெட்டல் தேய்ந்த பொடி" என்றார். பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடுக்கும் அது சுழற்றும் கிராங்க் தண்டுக்கும் நடுவே இருக்கும் பேரிங்கைத்தான் ஒர்க்‌ஷாப்பில் மெட்டல் என்பார்கள். நடந்ததை அவர் விளக்கிய விதம் இது: ஃப்ளஷ் ஊற்றியதும் பல வருடக் கசடு மொத்தமாகப் பெயர்ந்திருக்கிறது. ஏற்கெனவே அடைத்திருந்த ஃபில்டரால் அதைப் பிடிக்க முடியவில்லை. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்கு ஆயிலே போகாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அதற்குள் ஒரு பைபாஸ் வால்வு உண்டு. அது திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே உள்ளே விட்டிருக்கிறது. மிச்சக் கசடு இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்குள் இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் வலையான ஸ்ட்ரெய்னரை மூடிவிட்டது. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது அழுத்தம் இறங்கி விளக்கு மினுக்கியதற்குக் காரணம் அதுதான். சம்புவைக் கழற்றியபோது ஸ்ட்ரெய்னர் வலையில் விரலை வைத்துக் காட்டினார், ஒரு கண் கூடத் திறந்திருக்கவில்லை. உள்ளே ஊற்றிய ஆயில் சீல் உடைக்காத கேனிலிருந்து வந்ததா, என்ன ஆயில் என்பதே எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லையே.

இன்ஜினை இறக்கி, கிராங்கை லேத்துக்கு அனுப்பி, மெட்டல், ஆயில் பம்ப், கேஸ்கெட் செட் எல்லாம் மாற்றி, கூலியோடு 38,900 ரூபாய். சர்வீஸ் பில் 4,650. இழுத்துப் போனது 1,800. ஆக 45,350 ரூபாய்.

இனி அந்தச் செயலிக்காரர்களின் பதில்களைக் கேளுங்கள். முதல் நாள், "48 மணி நேரத்தில் மேலாளர் அழைப்பார்." அழைக்கவில்லை. மூன்றாம் நாள் நானே அழைத்தேன். "பழைய வண்டி மேடம், இன்ஜின் எப்போது வேண்டுமானாலும் போகும்." ஃபில்டரின் படத்தை அனுப்பினேன். "வெளி மெக்கானிக் இடையில் மாற்றியிருக்கலாம்." இரண்டு வருடப் பழைய ஃபில்டரைத் தேடிப் பிடித்து எந்த மெக்கானிக் வந்து மாட்டுவார்? அடுத்தவர், "எங்கள் உத்தரவாதம் 30 நாள்தான், நீங்கள் 34ஆம் நாள் சொல்கிறீர்கள்" என்றார். பதினேழாம் நாளே விளக்கு எரிகிறது என்று எழுதினேனே என்றேன். "அது சந்தேகமாகத்தான் பதிவாகியிருக்கிறது மேடம், புகாராகப் பதிவாகவில்லை." அதற்கடுத்தவர், "வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள், டெக்னிக்கல் விஷயம்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன், கை நடுங்கியது. கடைசியாக வந்தது அடுத்த சர்வீஸுக்கு 300 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன். 45,350 ரூபாய்க்கு 300 ரூபாய்!

பழைய வண்டிக்கு ஆயில் தேர்ந்தெடுப்பதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது பொறுமை இல்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன். வண்டியோடு வந்த கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள், தேய்ந்த பழைய இன்ஜினில் மெல்லிய ஆயில் சீக்கிரம் எரிந்து குறையும். கேனில் ஏபிஐ என்ற ஆயில் தரக் குறியீட்டைப் பாருங்கள்: எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் வண்டிக்கு, சி என்றால் டீசலுக்கு. 15,000 கிலோமீட்டர் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நகரத்துக்குள் மட்டும் ஓடும் பழைய வண்டிக்கு அப்பாவின் 5,000 அல்லது ஆறு மாதக் கணக்குதான் சரி. கசடு கட்டிய இன்ஜினுக்கு ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம். கேனின் சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஃபில்டரைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். காலி கேனை முழுதாகக் கொடுத்து அனுப்பாதீர்கள், ஓட்டை போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதிலேயே கழிவு ஆயிலை வடிகட்டி அடைத்து விற்பார்கள். காப்பி போட உள்ளே போகாதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். அதற்கும் செயலிக்காரர்கள் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. அறுத்த ஃபில்டர், பில், நோட்டு மூன்றும் ஒரு பையில் தயாராக இருக்கின்றன. அவன் எழுதிய வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். சாட்சிக்கு வேண்டுமே என்று அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

இந்த ஜூன், ஜூலையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய பகுதிகளில் செயலி மூலம் வீட்டில் ஆயில் மாற்றியவர்கள், நாளை காலையே தெரிந்த மெக்கானிக்கிடம் போய் ஃபில்டரைத் துடைத்துப் பாருங்கள். பழையதாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே வழக்குப் போடலாம்.