பந்து யார் கைக்குப் போகிறது? பேஸ்கட்பால் ஜிஎம்: நெடுநாள் ஆடியவனின் அனுபவம்

ஒரு கூடைப்பந்து அணியின் மேலாளராக நாம் ஆடும் பேஸ்கட்பால் ஜிஎம் என்ற கணினி விளையாட்டில் பயிற்சியாளருக்கான வியூகப் பலகை கிடையாது. வீரர்களை வாங்கலாம், மாற்றலாம், யார் எவ்வளவு நேரம் ஆடுவது என்பதைக் கூட்டிக் குறைக்கலாம். ஷாட்டுகளில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டும் விளையாட்டே தீர்மானிக்கிறது. சில ஆண்டுகளாக ஆடிவரும் எனக்கு, இதன் உயிரே அந்தப் பங்கீட்டில்தான் இருப்பதாகப் படுகிறது.

ஜெரமி ஷெஃப் 2013-இல் வெளியிட்ட இலவச விளையாட்டு இது. பிரவுசரிலேயே ஓடும், லீக் முழுவதும் நம் கருவியிலேயே சேமிக்கப்படும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போகும் பஸ்ஸில், சிக்னல் போனாலும் ஆட்டம் நிற்காது. பிரவுசரின் சேமிப்பை அழித்தால் லீக்கும் போய்விடும். அவ்வப்போது கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அணிக்குப் பந்து வந்ததும், அது கைநழுவிப் போகிறதா என்பது முதலில் கணக்கிடப்படுகிறது. தப்பித்தால், களத்திலுள்ள ஐவரில் ஒருவர் ஷாட் அடிக்கத் தேர்வாகிறார். குலுக்கல்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு இல்லை. ஒவ்வொருவரின் திறன்களையும் சேர்த்து ஒரு மதிப்பு போடப்படுகிறது. மதிப்பு கூடக் கூட வாய்ப்பும் கூடும். அதில் கூடைக்கு அருகிலிருந்து அடிக்கும் திறனுக்கு எடை அதிகம். டங்க் (எம்பிப் பந்தைக் கூடைக்குள் திணிப்பது), நடுத்தூர ஷாட், மூன்று புள்ளி ஷாட் எல்லாம் அதற்கு அடுத்த நிலை. வேகம், உயரம், டிரிப்ளிங் (பந்தைத் தட்டிக்கொண்டே நகர்வது), ஆட்ட அறிவு ஆகியவற்றுக்கு இன்னும் குறைவு. பாஸ் கொடுக்கும் திறனும் தடுப்பாட்டமும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. மூல நிரல் பொதுவில் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் படித்துப் பார்க்கலாம்.

கேரளக் கூடைப்பந்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எடை இயல்பாகவே தோன்றும். கேரளத்தின் கீது அன்னா ஜோஸ், 2011-இல் அமெரிக்க மகளிர் லீக் அணிகளின் தேர்வு வரை போனவர், இந்திய அணியின் சென்டராக, அதாவது கூடைக்கு அருகில் நின்று ஆடுபவராக, ஆடியபோது பந்து அவரைத் தேடித்தான் போகும்.

"மாமா, மூன்று புள்ளி ஷாட்டை நன்றாகப் போடுகிறவனுக்கே பந்தைக் கொடுத்தால் என்ன?" என்று என் அக்கா மகன் கேட்பான். நியாயமான கேள்வி. தூரத்திலிருந்து அடிப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாதவருக்கு இங்கே ஷாட் குறைவாகவே வரும். ஆனால் அப்படிப்பட்டவர்கள் சிலர் ஒன்றாக நின்றால், கூட ஆடுபவர்களின் ஷாட்டும் விழும் வாய்ப்பு உயர்கிறது. ஆகவே அவர்கள் எடுக்கும் புள்ளிகளை மட்டும் பார்த்து அவர்களை விற்றுவிடாதீர்கள்.

களத்தில் ஐந்து பேர் என்பதால் சராசரிப் பங்கு 20 சதவீதம். நிஜ ஆட்டத்தில், அமெரிக்காவின் என்பிஏ லீக்கில், 2016-17 சீசனில் ஷாட்டுகளோடு பந்து இழப்பு போன்றவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் ரஸல் வெஸ்ட்புரூக்கின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டியது. கோபி பிரையன்ட் 2006-இல் 81 புள்ளி எடுத்த ஆட்டத்தில் 46 ஷாட்டுகள் அடித்தார். அங்கே வீரரும் பயிற்சியாளரும் முடிவெடுக்கிறார்கள். இங்கே நம்மிடம் இருப்பது ஒரே வழி: யாருக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது. ஷாட் பசி மிகுந்த மூவரைத் தொடக்க ஐவரில் சேர்த்தால் மூவருக்கும் பங்கு குறைகிறது; கூடுதலாகச் சம்பளம் வாங்கும் மூன்றாமவர் மற்ற இருவரின் ஷாட்டைத்தான் தின்கிறார். அவரை மாற்று வரிசையில் இறக்கினால், ஷாட் அடிக்கத் தெரியாதவர்களுக்கு நடுவே அவரே முதல் ஆளாகிவிடுவார். நட்சத்திர வீரருக்குப் பக்கத்தில் பாஸ் கொடுப்பவரையும், ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) பிடிப்பவரையும், எதிரணியைத் தடுப்பவரையும் நிறுத்துங்கள். யாருக்கும் சொல்லாமலே பந்து நட்சத்திர வீரரிடம் போகும். புள்ளிவிவரப் பக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது சதவீதமாகவே இருக்கிறது. ஒவ்வொரு வீரர் பரிமாற்றத்துக்குப் பிறகும் நான் முதலில் திறப்பது அதைத்தான்.

இதேபோன்ற இன்னொரு இணையக் கூடைப்பந்து மேலாளர் விளையாட்டான பஸ்ஸர்பீட்டரில் வழி வேறு. உள்ளே ஆடுவதா, வெளியிலிருந்து அடிப்பதா, ஒருவரையே நம்புவதா என்று தாக்குதல் முறையை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஆட்டங்கள் நிஜ நாள்காட்டிப்படி நடப்பதால் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். பேஸ்கட்பால் ஜிஎம்மில் ஒரு சீசனைச் சில நிமிடங்களில் ஓட்டி, அணிச்சேர்க்கையை மாற்றி, அடுத்த சீசனில் பங்குகள் எப்படி நகர்ந்தன என்று பார்த்துவிடலாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இருந்தாலும், ஆட்டத்தின் கடைசி ஷாட் ஒன்றையாவது யார் அடிப்பது என்று சொல்லும் உரிமை வேண்டும் என்று ஒவ்வொரு நெருக்கமான இறுதிப் போட்டியிலும் ஏங்குகிறேன்.