வாசலில் மாற்றிய டிஸ்க்கும் பேடும்: முதல் நாளும் 5,000-வது கிலோமீட்டரும்

காரில் புது பிரேக் டிஸ்க்கும் அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் புது பேடும் போட்ட அன்றைக்கு எல்லா வண்டியும் நன்றாகத்தான் நிற்கும். மூவாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும். பெருந்துறை தாண்டி நாலுவழிச் சாலையில் எண்பது, தொண்ணூறில் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறும், பெடல் காலடியில் துடிக்கும். "டிஸ்க் வளைஞ்சு போச்சுங்க, கம்பெனி சரியில்லை" என்பார்கள். அநேகமாக டிஸ்க் வளைந்திருக்காது, கம்பெனி மேலும் குற்றம் இருக்காது. மாற்றிய அன்று ஹப் முகத்தில் சுரண்டாமல் விட்ட துருதான் இத்தனை நாள் கழித்து வேலை காட்டுகிறது.

ஹப் முகம் என்பது டிஸ்க் போய் உட்காரும் வட்டம். அது 140 மி.மீ. குறுக்களவு, டிஸ்க் 250 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஹப்பின் ஒரு ஓரத்தில் 0.05 மி.மீ. கனத்துக்குத் துருப் பொருக்கு இருக்கிறது. நோட்டுத் தாளின் பாதிக் கனம். அதன்மேல் டிஸ்க்கை ஏற்றி இறுக்கினால் டிஸ்க்கின் விளிம்பில் அது கிட்டத்தட்ட 0.09 மி.மீ. ஆட்டமாகப் பெருகிவிடும். வண்டித் தயாரிப்பாளர்கள் பொதுவாக அனுமதிக்கும் ஆட்டமே 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான். ஆக, துரு ஒன்றே கணக்கை முடித்துவிடுகிறது.

முதல் நாள் இது காலுக்குத் தெரியாது, ஏனென்றால் டிஸ்க் ஆடும் பக்கமெல்லாம் பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரும் சேர்ந்து நகர்ந்து கொடுக்கும். ஆனால் பிரேக் மிதிக்காமல் ஓடும்போது, டிஸ்க்கின் மேடான இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசிக்கொண்டே போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உரசியதில் அந்த இடம் மட்டும் மெலியும். டிஸ்க்கின் கனத்தில் 0.02 மி.மீ. ஏற்றத்தாழ்வு வந்தாலே பெடல் துடிக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் கோளாறு உடனே வராமல் ஐயாயிரத்தில் வருகிறது.

பேடு எந்தக் கம்பெனி என்பதைவிட ஹப் முகமும், கேலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்களும் எவ்வளவு சுத்தம் என்பதுதான் டிஸ்க்கின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கடைக்காரரிடம் அரை மணி நேரம் பிராண்டு விசாரிக்கிறவர்கள் கம்பி பிரஷ்ஷுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

வாங்கப் போகுமுன் பழைய டிஸ்க்கை அளந்துவிடுங்கள். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கின் நடுத்தொப்பியிலோ விளிம்பிலோ பொறிக்கப்பட்டிருக்கும். புதுக் கனத்திலிருந்து சுமார் 2 மி.மீ. தேயலாம் என்பது பொதுவான அளவு. சாதாரண வெர்னியரை அப்படியே வைத்தால் ஏமாந்து போவோம். பேடு படாத வெளி ஓரத்தில் தேயாத ஒரு வரப்பு நிற்கும். வெர்னியரின் தாடை அதைத்தான் பிடிக்கும், கனம் கூடுதலாகக் காட்டும். இருபுறமும் ஒவ்வொரு நாணயம் வைத்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்துவிட்டால் சரியான அளவு கிடைக்கும். மைக்ரோமீட்டர் இருந்தால் இந்த வேலையே இல்லை. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இருக்கிறவர்களுக்கு லேத் பட்டறை எட்டிய தூரம்தான். மைக்ரோமீட்டரோடு டிஸ்க்கின் ஆட்டத்தை அளக்கும், காந்த அடிப்பாகம் வைத்த டயல் கேஜையும் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பேடில் உராய்வுப் பொருள் 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிடலாம். பல பேடுகளில் ஒரு இரும்பு நாக்கு இருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். அந்தச் சத்தம் வந்த பிறகும் ஓட்டினால் பேடின் இரும்புத் தகடு டிஸ்க்கை உழுதுவிடும். அப்புறம் லேத்தில் கொடுத்துக் கடைந்தாலும் பலசமயம் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போய்விடும்.

"ஒரு சைடுதானுங்க தேஞ்சிருக்குது, அது மட்டும் குடுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடாது. டிஸ்க்கும் பேடும் இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதைக் கீழே பார்க்கலாம்.

இடம் முக்கியம். சிமெண்ட் வாசல், காரை போட்ட களம் நல்லது. செம்மண் தரையானால் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். வண்டி நிற்க ஸ்டாண்டு வேண்டும். வீடு கட்டி மிச்சமான ஹாலோ பிளாக்கை அடுக்கி வண்டியை நிறுத்துவதை நம் பக்கம் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். வேண்டவே வேண்டாம். ஹாலோ பிளாக் மெல்ல நசுங்காது, முன்னறிவிப்பு இல்லாமல் தூளாகும். ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால்சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வைத்தால் அதுவும் ஒரு காவல்.

கேலிப்பரைப் பிடித்திருக்கும் ஸ்லைடு பின் போல்ட்டுகளுக்குப் பல கார்களில் 12 அல்லது 14-ம் நம்பர் ஸ்பானர், கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகளுக்கு 17. கேலிப்பர் கழன்றதும் அதை ஓஸில் தொங்கவிடக் கூடாது. கட்டுக்கம்பியில் ஒரு கொக்கி வளைத்துச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் மாட்டுங்கள். டிஸ்க்கில் சின்ன ஸ்டார் திருகு இருந்தால் சாதாரண திருப்புளி தலையைத் தின்றுவிடும். சுத்தியலால் தட்டும் இம்பாக்ட் திருப்புளிதான் சரி. டிஸ்க் ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால், முகத்தில் இரண்டு மரைத் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் எம் 8 போல்ட் ஏறும். இரண்டையும் மாற்றி மாற்றி அரைச்சுற்று இறுக்கினால் டிஸ்க் தானே வெளியே வரும். சம்மட்டி எடுத்தால் அடி முழுவதும் வீல் பேரிங்கில் விழும்.

பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய, பெயரில்லாத பேடுகளில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது; ஈரத்துணியில் துடைப்பதுதான் நுரையீரலுக்கு நல்லது.

இனி ஹப். கம்பி பிரஷ், அதன்பின் 80-ம் நம்பர் உப்புத்தாள். சக்கர நட்டு ஏறும் ஸ்டட் போல்ட்டுகளின் அடியில் வளையமாகத் துரு நிற்கும், பிரஷ் அங்கே எட்டாது; உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுச் சுற்ற வேண்டும். விரல் நுனியால் தடவினால் எங்கும் தட்டக் கூடாது. போர்த் தண்ணீரில் வண்டி கழுவுகிற வீடுகளில் உப்புப் படிந்து இந்த இடம் இன்னும் மோசமாக இருக்கும். துருவைச் சுரண்டாமல் கிரீஸ் பூசி மறைப்பதில் பயன் இல்லை. பொருக்கு அப்படியேதான் இருக்கும்.

புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். பிரேக் கிளீனர், அல்லது சூடான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். மண்ணெண்ணெய், டீசல் ஆகாது. அவை படலம் விட்டுப்போகும், பேடு அதைக் குடித்துவிடும். டிஸ்க்கை மாட்டி, நட்டுகளுக்கு வாசர் போட்டு இறுக்கி, விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே டயல் கேஜ் முள்ளை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஆட்டம் அதிகம் என்றால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். நாலு நட்டு வண்டியில் நாலு நிலைகள் கிடைக்கும்; டிஸ்க்கின் கோணலும் ஹப்பின் கோணலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் நிலை ஒன்று அமையும். டிஸ்க்கைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்குமுன் ஒரு முறை இதைச் செய்து பார்க்கலாம்.

ஸ்லைடு பின்கள்தான் இரண்டாவது உயிர்நிலை. கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இறுகிப் போயிருந்தால் உள்பேடு வேகமாகத் தேயும், வெளிப்பேடு புதுசு போலவே இருக்கும். பேடு ஆப்பு மாதிரி ஒரு முனை மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டில் ஒரு பின் சிக்கியிருக்கும். "ஒரு சைடு மட்டும் தேஞ்சிருக்குது" என்பதற்குக் காரணம் இங்கேயோ, கேலிப்பருக்குள் பேடைத் தள்ளிவிட்டுத் திரும்பாத பிஸ்டனிலோதான் இருக்கும். பின்னைத் துடைத்து, பழைய கிரீஸை முழுக்க எடுத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். பேரிங் கிரீஸ் போட்டால் பிரேக்கின் ரப்பர் உப்பிப் போய்ப் பின் அதில் மாட்டிக்கொள்ளும். தூசி உறை கிழிந்திருந்தால் மாற்றாமல் மூடக் கூடாது. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் அள்ளிப் போடுகிற மண்ணுக்கு ஒரு கிழிசல் போதும்.

பேடின் காதுகள் நகரும் ஸ்டீல் கிளிப்புகளைக் கழற்றி, அடியிலிருக்கும் பிராக்கெட்டையும் பிரஷ் போடுங்கள். அங்கே துரு பொங்கினால் கிளிப் உயர்ந்து பேடைக் கவ்வும். புது பேடு கையால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றினால் அது திரும்பி வராது.

பிஸ்டனைத் தள்ளுமுன் பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து, மேல் குறி வரை நிறைந்திருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வழிந்தால் பெயிண்டைத் தின்னும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பழைய பேடைத் தகடாக வைத்துச் சி கிளாம்ப் கொண்டு மெதுவாக அழுத்தினால் பிஸ்டன் உள்ளே போகும். பின்பக்கமும் டிஸ்க் உள்ள வண்டிகளில் கவனம்: ஹேண்ட்பிரேக் கேலிப்பரோடு சேர்ந்திருந்தால் பிஸ்டனைத் திருகித்தான் ஏற்ற முடியும், அழுத்தினால் உள்ளே உடையும். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் என்றால் சர்வீஸ் நிலைக்குப் போட்ட பிறகே தொட வேண்டும்.

இறுக்கும் அளவு உங்கள் வண்டியின் மேனுவல்படிதான். சின்ன கார்களில் ஸ்லைடு பின் போல்ட்டுகள் சுமார் 22 முதல் 35 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட்டுகளும் சக்கர நட்டுகளும் சுமார் 85 முதல் 110 என்ற அளவில் வரும். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு தவணையாக இறுக்குங்கள். ஹப்பைக் கண்ணாடி போலத் துடைத்துவிட்டுப் பிறகு பஞ்சர் கடையில் ஏர் கன்னால் ஒரு நட்டுக்கு ஒரு விதமாக அடிக்க விட்டால், பட்ட பாடு வீண். அங்கேயும் கடைசி இறுக்கத்தை இறுக்கும் அளவு காட்டும் நம் டார்க் பானாவில் வைத்துக்கொள்வது நல்லது.

வண்டியை இறக்கியதும், நகர்த்துமுன், பெடலைக் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் இரண்டு மூன்று மிதி தரை வரை போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் காம்பவுண்டுச் சுவர்தான் பிரேக்.

புது பேடை டிஸ்க்கோடு பொருந்தும்படி பதப்படுத்துவதற்கு வண்டி நடமாட்டமில்லாத சாலை வேண்டும். 60-லிருந்து 20 வரை நிதானமாக வேகம் குறைப்பது, முழுக்க நிறுத்தாமல் மறுபடி ஏற்றுவது, இப்படி எட்டுப் பத்து முறை. பிறகு பிரேக் அதிகம் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்திப் பெடலை மிதித்தபடி நின்றால், பேடின் அச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் பின்னால் உதறலாக வரும்.

பேடு எந்த வகை என்பது ஓட்டும் வழியைப் பொறுத்தது. ஈரோடு, திருப்பூர் நகரத்துக்குள் மட்டும் என்றால் உலோகம் குறைந்த ஆர்கானிக் வகை அமைதியாக இருக்கும், டிஸ்க்கையும் குறைவாகத் தின்னும். மாதம் ஒருமுறை திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளோ வால்பாறையின் 40 வளைவுகளோ இறங்குகிற வண்டிக்குச் சூடு தாங்கும், உலோகம் கலந்த செமி மெட்டாலிக் மேல். கருப்புத் தூசியும் காலையில் சின்னச் சத்தமும் அதன் குணம், கோளாறல்ல.

மலைக்கு ஒரு கணக்கு. 1,200 கிலோ வண்டி உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வர சுமார் 1,900 மீட்டர் உயரம் இறங்குகிறது. அதில் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 22 மெகா ஜூல். ஆறு யூனிட் கரண்டுக்கு மேல். தோட்டத்தில் 5 ஹெச்பி மோட்டார் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற அளவு. இரண்டாவது கியரில் எஞ்சின் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் பாரம் பிரேக்குக்குத்தான் வரும், அதில் முக்கால்வாசி முன்பக்கத்து இந்த இரண்டு டிஸ்க்குகள் தலையில் விழும். அப்போது பழைய பிரேக் ஆயில் காட்டிக்கொடுக்கும். டாட் 4 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். கொதித்து ஆவிக்குமிழ் வந்தால் பெடல் பஞ்சு போலாகித் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றாத வண்டியில் புது டிஸ்க் போட்டு என்ன பயன்?

போட்டபின் கவனிக்க வேண்டிய இடங்கள்: 100 கிலோமீட்டரில் நட்டுகளின் இறுக்கம், 1,000-ல் நாலு சக்கரத்தின் சூட்டையும் டிஸ்க்கைத் தொடாமல் கையை அருகே வைத்து ஒப்பிடுவது. ஒரு முன்சக்கரம் மட்டும் கொதித்தால் அந்தப் பின்னையோ பிஸ்டனையோ பாருங்கள். 5,000-ல் உதறல் இல்லையென்றால் ஹப் வேலை சுத்தம் என்று அர்த்தம். 10,000-க்கு ஒருமுறை உள்பேடு, வெளிப்பேடு கனம் இரண்டையும் எழுதி வையுங்கள். வித்தியாசம் 2 மி.மீ. தாண்டினால் பேடு மிச்சமிருந்தாலும் பின்களைக் கழற்றி கிரீஸ் போட வேண்டும். மழையில் நின்ற வண்டியின் டிஸ்க் மறுநாள் காலை செம்மண் நிறத்தில் இருப்பது வார்ப்பிரும்பின் இயல்பு, நாலு பிரேக்கில் போய்விடும். வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், கழுவிய கையோடு நிறுத்தாமல் ஒரு சுற்று ஓட்டிப் பிரேக்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பேடு உட்கார்ந்திருந்த இடத்தில் துரு அச்சுப் பதிந்து, நீங்கள் அத்தனை பாடுபட்டுத் தவிர்த்த உதறல் அந்த வழியாக வரும்.