வி-கிராஸ் 2.5-க்கு டியூனிங் பாக்ஸ்: சொல்லும் பவரில் எவ்வளவு நிஜம்?

இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016-ல் வந்தபோது இருந்த 2.5 லிட்டர் எஞ்சின், கம்பெனிக் கணக்கில் 134 குதிரைசக்தி, 320 நியூட்டன் மீட்டர் டார்க். இரண்டு டன்னை நெருங்கும் வண்டிக்கு இது போதும். பின்னால் லோடு ஏற்றி மலை ஏறும்போதுதான் இழுவை பத்தாது. அப்போது எல்லோரும் கேட்பது, "பாக்ஸ் போடலாமா?"

ஆன்லைனில் அதிகம் விற்பது ஒற்றை கனெக்டர் பாக்ஸ்தான். காமன் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசல் கொடுக்கும் குழாய்) இருக்கும் பிரஷர் சென்சாருக்கும் வயரிங்குக்கும் நடுவே செருகிவிடலாம். பிராண்டு எதுவானாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றே. சென்சார் சொல்லும் அழுத்தத்தை, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவிடம் கொஞ்சம் குறைத்துக் காட்டும். ஈசியூ "அழுத்தம் பத்தவில்லை" என்று பம்பை முடுக்கும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாது, அழுத்தம் கூடியதால் உள்ளே போகும் டீசல் மட்டும் கூடும்.

எவ்வளவு கூடும் என்பதில்தான் விளம்பரம் சறுக்குகிறது. இன்ஜெக்டர் வழியே பாயும் டீசல், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தத்தை 10 சதவீதம் ஏற்றினால் டீசல் ஏறுவது 5 சதவீதம் அளவுக்குத்தான். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் "25 சதவீதம் கூடுதல் பவர்" இந்த ஒரு சென்சாரை வைத்தே வர வேண்டுமானால், அழுத்தம் 56 சதவீதம் ஏற வேண்டும். முழு ஆக்சிலரேட்டரில் பம்பும் ரெயிலும் ஏற்கெனவே உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அதற்கு மேல் அவ்வளவு இடமே கிடையாது. அதனால் இந்த பாக்ஸில் கிடைப்பது 1,500 முதல் 2,500 ஆர்பிஎம் வரை, பாதி மிதியில் வரும் சுறுசுறுப்பு. அது பொய் இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டிய அவசியம் கொஞ்சம் குறையும். டாப் எண்டில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

மைலேஜ் கூடும் என்பது அடுத்த கதை. ஈசியூ தான் கொடுக்கும் டீசலைக் கணக்கிடுவதே அந்தச் சென்சார் சொல்லும் அழுத்தத்தை வைத்துத்தான். நாம் அதைக் குறைத்துக் காட்டிவிட்டால், டேஷ்போர்டில் வரும் மைலேஜும் தானாக ஏறித் தெரியும். "போட்டதும் அரை கிலோமீட்டர் கூடிடுச்சு" என்று எழுதும் பலர் பார்ப்பது இதைத்தான். ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க் போட்டுப் பார்க்காத எந்தக் கணக்கையும் நம்ப வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம், அதைத்தான் யாரும் செய்வதில்லை. ஸ்கேனரில் லைவ் டேட்டா திறந்து, ஈசியூ கேட்கும் ரெயில் அழுத்தமும் நிஜத்தில் வருவதும் ஒட்டிப் போகிறதா என்று ஐடிலிலும் ஏற்றத்திலும் பாருங்கள். ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கினால் பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வு ஒட்டுகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். அதைச் சரிசெய்யாமல் பாக்ஸ் போடுவது வீண். டீசல் ஃபில்டரை மாற்றி, பிரைமரை அடித்து ஏர் எடுத்துவிடுங்கள். இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப்களில் எண்ணெய் கசிந்த கறை இருந்தால் அங்கே பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தித் தரும் காற்று, வெளியேறுகிறது. லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆரால் கரி படிந்து இன்டேக் மேனிஃபோல்டின் வாய் குறுகியிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பாதிப் பேருக்கு பாக்ஸ் தேவைப்படாது.

கிளட்ச்சையும் சோதியுங்கள். ஐந்தாம் கியர், 1,500 ஆர்பிஎம், மிதியை முழுக்க அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் கிளட்ச் முடிந்துவிட்டது. கூடுதல் டார்க் அதைச் சீக்கிரமே கருக்கிவிடும்.

மாட்டுவது அரை மணி நேர வேலை. இக்னிஷனை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். சென்சாரின் மூன்று வயர் கனெக்டரில் பூட்டு நாக்கை அழுத்தி இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக் பட்டென்று உடையும். சென்சாரை ஸ்பேனர் போட்டுத் திருகவே கூடாது. பாக்ஸை எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல், கனெக்டர் வாய் கீழே பார்க்கும்படி ஜிப் டை போட்டுக் கட்டுங்கள். வாட்டர் வாஷில் தண்ணீர் புகுந்தால் அடுத்த ஸ்டார்ட்டிலேயே செக் எஞ்சின் லைட் எரியும்.

ஆகக் குறைந்த செட்டிங்கில் தொடங்குங்கள். ஐடிலிலேயே "கடகட" சத்தம் முன்பைவிடக் கூடினால், வாங்கியது நல்ல பாக்ஸ் இல்லை. உள்ளே ரெசிஸ்டர் வைத்த மலிவுச் சரக்கு அது, எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே மாதிரி பொய் சொல்லும். உடனே திருப்பி அனுப்புங்கள். நல்ல டிஜிட்டல் பாக்ஸ் ஐடிலில் கை வைக்காது. செட்டிங்கை ஏற்றி பி0088 எரர் கோடு வந்தால் ரெயில் அழுத்தம் எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம், ஒரு படி இறக்கிவிடுங்கள். வீம்புக்கு ஓட்டினால் ரெயிலில் இருக்கும் பிரஷர் லிமிட்டர் திறந்துகொள்ளும். ஒருமுறை திறந்தது பல சமயம் சரியாக மூடாது. அப்புறம் எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ரெயில் அழுத்தம் பத்தவில்லை என்ற பி0087 கோடு வரும்.

டீசல் கூடியும் காற்று கூடாவிட்டால் கரும்புகையும் எக்ஸாஸ்ட் சூடும்தான் மிச்சம். பூஸ்ட் சென்சாரையும் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு கனெக்டர் பாக்ஸ் இதில் பரவாயில்லை, ஆனால் ஹோஸ் பழையதாக இருந்தால் ஏற்றத்தில் கழன்று வந்துவிடும். ட்ரெய்லர் இழுப்பவர்கள் டர்போவுக்கு முன்னால் டெம்பரேச்சர் ப்ரோப் வைத்து, தொடர்ச்சியாக 700 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். அதற்குத் துளை போடும்போது மேனிஃபோல்டைக் கழற்றித்தான் போட வேண்டும், இரும்புத் தூள் டர்பைனுக்குள் போனால் டர்போ காலி.

பெடல் பாக்ஸ் வேறு சரக்கு. அது மிதியின் சிக்னலை மட்டும் மாற்றுகிறது, ஒரு குதிரைசக்திகூடத் தராது.

பிஎஸ்6 1.9 லிட்டர் வண்டிக்கு இந்த பாக்ஸே வேண்டாம். கூடுதல் கரி, புகையை வடிகட்டும் டிபிஎஃப்பை அடைக்கும், அந்தக் கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் அடிக்கடி ஓடும், அதற்காகக் கூடுதலாகச் செலுத்தும் டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறும்.

2.5-க்குக் கூட, செலவு செய்யத் தயார் என்றால் பவரை அளக்கும் டைனோ வைத்திருக்கும் இடத்தில், டீசல், பூஸ்ட், டைமிங் மூன்றையும் ஈசியூவின் சாஃப்ட்வேரிலேயே சேர்த்து மாற்றும் ரீமேப்தான் சரி. பாக்ஸுக்கு உள்ள ஒரே பெரிய வசதி கழற்றி வைத்துவிடலாம் என்பது. பாக்ஸைக் கழற்றிய இடத்தில் செருகும் பைபாஸ் பிளக்கை வண்டியிலேயே போட்டு வையுங்கள். இன்னொன்று, இன்ஷூரன்ஸ்காரர்களிடம் சொல்லாமல் எஞ்சினில் செய்த மாற்றம் க்ளெய்ம் நேரத்தில் தகராறாகலாம்.

செகண்ட் ஹேண்ட் வி-கிராஸ் வாங்கப் போகிறவர்கள் ரெயில் பிரஷர் சென்சார் கனெக்டரைக் குனிந்து பாருங்கள். நாக்கு உடைந்து ஜிப் டை போட்டுக் கட்டியிருந்தால், அந்த வண்டியில் பாக்ஸ் ஓடியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. விலை பேசும் முன் கிளட்ச்சையும், எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆவதையும் சோதித்துவிடுங்கள்.