ஊருக்குப் போகும்போது இ-சிம்: டேட்டா வரும், நம்பர் வராது

சென்னையிலோ திருச்சியிலோ விமானம் இறங்கி, கதவு திறக்கும் முன்பே போனில் நெட் வர வேண்டுமென்றால் டிராவல் இ-சிம்மை (பிளாஸ்டிக் அட்டை இல்லாமல், நெட் வழியே போனில் ஏற்றிக்கொள்ளும் பயணிகளுக்கான சிம்) மிஞ்சிய வசதி இல்லை. கடை தேட வேண்டாம். பாஸ்போர்ட் நகல், போட்டோ, உள்ளூர் முகவரி எதுவும் வேண்டாம். ஆனால் சுற்றுலா வருகிறவரின் தேவை வேறு, வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்கு வருகிறவரின் தேவை வேறு. ஊரில் எங்கே போனாலும் முதலில் கேட்பது நம்பர். டிராவல் இ-சிம்களில் பெரும்பாலானவை வெறும் டேட்டாதான். இது தெரியாமல் கிளம்பினால் மூன்றாம் நாளே திண்டாட்டம் தொடங்கிவிடும்.

முதலில் போனைப் பாருங்கள். *#06# அழுத்தினால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யுடன், இ-சிம்முக்கான 32 இலக்க இஐடி எண்ணும் வந்தால் இ-சிம் வேலை செய்யும். ஐபோனில் 2018-ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இந்த வசதி உண்டு. சீனாவில் விற்பனையான மாடல்களை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அடுத்தது லாக். தவணையில் வாங்கிய போன் பழைய நிறுவனத்தோடு பூட்டப்பட்டிருந்தால் வேறு எந்த இ-சிம்மும் எடுக்காது. ஐபோனில் ஜெனரல், அபௌட் பக்கத்தில் கேரியர் லாக் என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும்.

இ-சிம்மை வாங்குவது, போனில் ஏற்றுவது இரண்டையும் வீட்டு வைஃபையிலேயே முடித்துவிடுங்கள். ஏற்றுவதற்கே நெட் தேவை. விமான நிலைய வைஃபையை நம்பினால் அது ஓடிபி கேட்டு நிறுத்திவிடும். இந்தியாவுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஜனவரியில் டிராவல் இ-சிம் விற்கும் ஏரலோ, ஹோலாஃப்ளை நிறுவனங்களின் செயலிகளை இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இறங்கிய பிறகு செயலியைத் தேடுவதோ டாப்-அப் செய்வதோ நிச்சயமில்லை. ஆகவே தேவையான ஜிபியைக் கொஞ்சம் தாராளமாகவே முன்கூட்டி வாங்கிக்கொள்வது நல்லது. நாள் கணக்கு எப்போது தொடங்கும் என்பதையும் படித்துப் பாருங்கள். சில திட்டங்களில் இந்திய நெட்வொர்க்கைத் தொட்ட நிமிடத்திலிருந்து, சிலவற்றில் போனில் ஏற்றிய நாளிலிருந்தே.

கியூஆர் கோடு அதே போனுக்கு மெயிலில் வந்தால் கேமராவால் எப்படிப் பிடிப்பது? வேறு போனிலோ தாளிலோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஐஓஎஸ் 17.4 முதல், கியூஆர் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே ஏற்றும் வழி வரும். ஏற்றியதும் அந்த லைனுக்கு 'இந்தியா டேட்டா' என்று பெயர் வையுங்கள். இரண்டு லைன்களும் ஒரே மாதிரி பெயரில் இருந்தால், இறங்கிய அவசரத்தில் தவறானதைத்தான் தட்டுவோம்.

விமானத்தில் ஏறும் முன் வீட்டு சிம்மில், அதாவது வெளிநாட்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் சிம்மில், டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். லைனையே அணைக்க வேண்டாம். பேங்க் ஓடிபி எஸ்எம்எஸ் அதில்தான் வரும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் காசு வாங்குவதில்லை, கால் எடுத்தால் வாங்கும். 'அலவ் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்' என்ற பொத்தானும் அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இ-சிம் சிக்னல் தளரும்போதெல்லாம் போன் சத்தமில்லாமல் வீட்டு சிம்மின் டேட்டாவை எடுத்துக்கொள்ளும். பயணம் முடிந்து வெளிநாட்டு வீட்டுக்குத் திரும்பிய பிறகு பில்லில்தான் தெரியும். வாட்ஸ்அப் நம்பர் மாற்றவா என்று கேட்டால் பழைய நம்பரிலேயே இருக்கச் சொல்லுங்கள்.

இறங்கியதும் நெட் வரவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை காரணம் ஒன்றுதான்: இ-சிம் லைனில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கும். காசு போய்விடும் என்ற பயத்தில் இரண்டு லைனிலும் அணைத்துவிடுகிறார்கள். இ-சிம்முக்கு இந்தியாவே ரோமிங்தான். அதில் ரோமிங் ஓடியே ஆக வேண்டும். அதற்கும் வராவிட்டால் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, பட்டியலில் வரும் ஏர்டெல், ஜியோ, விஐ ஆகியவற்றில் உங்கள் திட்டம் குறிப்பிடுவதைக் கையால் தட்டி ஓரிரு நிமிடம் பொறுங்கள். பிறகு ஏபிஎன் (போனை நெட்டோடு இணைக்கும் அமைப்பின் பெயர்) சரிதானா என்று இ-சிம் நிறுவனம் அனுப்பிய மெயிலோடு ஒப்பிடுங்கள். எதுவானாலும் இ-சிம்மை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பல கியூஆர் கோடுகள் ஒருமுறைதான் வேலை செய்யும், நீக்கினால் காசு போனதுதான். ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் ரீசெட் செய்யும்போது இ-சிம்களை அழிக்கவா என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் இருக்கக் கூடாது.

சென்னையில் எந்த நெட்வொர்க்கும் ஓடும். கிராமத்துக்குப் போகிறவர்கள் திட்டம் வாங்கும் முன்பே சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டு, வீட்டுக்குள்ளே எது எடுக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெருமுனையில் நான்கு கோடு காட்டும் சிம், கனமான சுவருக்குள் போனதும் செத்துவிடும். திட்டத்தில் ஒரே ஒரு நெட்வொர்க்தான் இருந்து, அது அந்த ஊரில் எடுக்காவிட்டால் வேறு வழியில்லை.

வேகம் போதவில்லை என்ற புகாருக்கும் காரணம் உண்டு. டேட்டா டவரிலிருந்து நேரே வெளியே போவதில்லை. இ-சிம் நிறுவனத்தின் நாட்டுக்குப் போய்த் திரும்புகிறது. அது சிங்கப்பூர் என்றால் அவ்வளவாகத் தெரியாது. ஐரோப்பா என்றால் வீடியோ காலில் பேச்சு பின்தங்கும். உங்கள் போன் இந்தியாவில் இருந்தாலும் தளங்களுக்கு வெளிநாட்டில் இருப்பதாகவே தெரியும். வெளிநாட்டு முகவரிகளைத் தடுக்கும் சில அரசுத் தளங்கள் திறக்காது. அப்போது சொந்தக்காரர் வீட்டு வைஃபைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இனி நம்பர் விஷயம். இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். டெலிவரி தம்பி தெருமுனையில் நின்று வீடு தெரியாமல் கூப்பிடுகிறார். உங்கள் நம்பர் +44-ல் தொடங்குகிறது. அவர் ரீசார்ஜில் ஐஎஸ்டி கிடையாது. கால் போகவே போகாது. முகவரியில் பெறுபவர் நம்பராக அத்தை நம்பரைப் போட்டுவிட்டால் இது தீர்ந்தது. யுபிஐ அப்படித் தீராது. பேங்க் கணக்கில் பதிவான சிம்மிலிருந்தே போன் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் செயலி பதிவாகும். டேட்டா இ-சிம்மால் எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது. என்ஆர்இ, என்ஆர்ஓ எனப்படும் வெளிநாடு வாழ் இந்தியர் பேங்க் கணக்கு உள்ளவர்களுக்கு 2023-ல் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, பிரிட்டன், அமீரகம் உட்பட 10 நாடுகளின் நம்பர்களிலேயே யுபிஐ பதிய வழி திறந்தார்கள். உங்கள் பேங்க் அதைத் தருகிறதா என்று பார்த்து, வெளிநாட்டிலிருந்து கிளம்பும் முன்பே பதிந்து ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்துவிடுங்கள். ஆதார் ஓடிபி-யும் ஆதாரில் பதிந்த நம்பருக்கு மட்டும்தான் போகும்.

பத்து நாள் கல்யாணப் பயணத்துக்கு இ-சிம்மும் அத்தை நம்பரும் போதும். ஒரு மாதம் தங்கி பேங்க், பத்திரம், அப்பாவின் ஆஸ்பத்திரி என்று அலைய வேண்டியிருந்தால், முதல் இரண்டு நாளுக்குச் சின்ன இ-சிம் போட்டுக்கொண்டு, அதற்குள் இந்திய சிம் வாங்கிவிடுங்கள். அதில் டேட்டாவும் மலிவு. ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் மாடல்களில் சிம் போடும் இடமே இல்லை. கடையில் இ-சிம்மாகவே கேட்டு வாங்குங்கள்.

அந்த இந்திய நம்பரை வெளிநாடு திரும்பிய பிறகும் சாகவிடாதீர்கள். 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் அது போய்விடும், பேங்க் ஓடிபி-யும் அதோடு போகும். டேட்டா இல்லாமல் கால், எஸ்எம்எஸ் மட்டும் தரும் நீண்ட நாள் ரீசார்ஜ்கள் 2025 முதல் கிடைக்கின்றன. கிளம்பும் நாளுக்கு முன்பே ஒன்றைப் போட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.